ஈரலில் ஒட்டிய மருந்து

கல்வராயன் மலையில் வாழைக்குழி என்னும் சிற்றூரின் ரேஷன் கடை வாசலில் நின்று பழனியம்மாள் சொன்னவற்றுள் ஒன்றுகூடப் பொய்யில்லை.

“வயித்துல மருந்து இருக்குது. படம் புடிச்சுப் பாத்தாங்க, கறுப்பாத் தெரியுது. ஈரல்ல ஒட்டிக்கினு இருக்குதாம்.”

கேள்வி கேட்டவர் அவருடைய நாத்தனார் சின்னப்பொண்ணு. “ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க அண்ணி?” என்று வாஞ்சையோடுதான் கேட்டார். பதிலைக் கேட்டதும் கையிலிருந்த சர்க்கரைப் பையைக் கீழே வைத்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் பொருள் பழனியம்மாளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மலையில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. நோய்க்கு வைத்தியர் கொடுப்பதும் மருந்து. வேண்டாதவர் சோற்றில் கலந்து கொடுப்பதும் மருந்து. இரண்டாவது வகை வயிற்றில் ஒட்டிக்கொள்ளும், ஆளை உருக்கும், பசியைத் தின்னும் என்பார்கள். ஆறேழு மாதங்களாக உடல் மெலிந்து, கண்களில் மஞ்சள் படர்ந்து, கேழ்வரகுக் களியைக் கண்டாலே முகம் திருப்பிக்கொண்டிருந்த ஒருவர், வயிற்றில் மருந்து இருக்கிறது என்று தம் வாயாலேயே சொன்னால், கேட்பவர்கள் எந்த முகத்தைக் காண்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மை வேறு. உளுந்தூர்பேட்டைக்கு வெளியே, லாரிகள் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலையோரத்தில் எழுந்துள்ள ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில், பழனியம்மாளின் ஈரலில் புற்றுக்கட்டி இருப்பதாகக் கண்டிருந்தார்கள். அறுத்து எடுக்க முடியாத இடம். அப்படிப்பட்டவர்களுக்காக அங்கே ஒரு புதிய சிகிச்சையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடச் சென்றவள் மருமகள் சந்தியா. மகன் அய்யப்பன் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். வருடத்திற்கு இரண்டு முறை வந்தால் பெரிது.

டாக்டர் எழில்மதி களமருதூரில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஆகையால் சுற்றி வளைக்காமல் பேசினார்.

“அம்மா, இது ரொம்பப் பொடியான இரும்பு. எத்தினி சல்லடையில சலிச்சாலும் நிக்காது, அவ்ளோ பொடி. கட்டிக்குப் போற ரத்தக்குழாய் வழியா விடுவோம். அது கட்டியிலயே போய் ஒட்டிக்கும். படம் எடுத்தா எங்க ஒட்டியிருக்குன்னு காட்டிக் குடுக்கும். எடம் சரியா இருந்தா, இன்னொரு நாள் உங்கள வரச்சொல்லி, வெளிய இருந்தே காந்தத்தால அதச் சூடு பண்ணுவோம். கட்டி வேகும். பக்கத்துல இருக்குற நல்ல ஈரலு வேகாது.”

பழனியம்மாள், “ஆளக் காட்டிக் குடுக்குறதும் அதுதான், அடிக்கிறதும் அதுதானாம்மா?” என்று கேட்டார்.

“அதேதான். ஒரே ஆளு, ரெண்டு வேல.” டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குது. கட்டாயம் கேட்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். சம்மதம்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க. ஒட்டினதும் ரொம்ப நாளைக்கு நிக்காது, உடம்பு கரைச்சிடும். சூடு வைக்கிறதுக்குன்னு சொல்ற நாளைக்குத் தவறாம வரணும். மயக்க ஊசி போடுவோம், வெறும் வயித்தோட வரணும்.”

பழனியம்மாள் கையெழுத்துப் போட்டார். பொடியை ஏற்றிய பிறகு படம் எடுக்க வேண்டும்; அந்த அறைக்குள் உலோகம் எதுவும் செல்லக் கூடாதாம். பழனியம்மாளின் மூக்குத்தி திருகு இறுகிப்போயிருந்தது. சோப்பு நுரை போட்டுச் சந்தியாதான் மெதுவாகக் கழற்றி எடுத்தாள். கழற்றும்போது காதோடு சொன்னாள்: “பேய் பிசாசு அண்டாம இருக்க பச்ச ஒடம்புக்காரி தலமாட்டுல இரும்பு வைப்பாங்க. உங்களுக்கு உள்ளயே வச்சுட்டாங்க அத்த. இனிமே எந்தப் பேய் கிட்ட வரும்?”

அந்த நிலைமையிலும் பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் எடுக்கும் கருவியின் குழாய்க்குள் படுத்திருந்தபோது, காது செவிடாகும் சத்தத்துக்கு நடுவே, அந்தச் சிரிப்புதான் அவருக்குத் துணையாக இருந்தது.

படத்தைத் திரையில் காட்டினார்கள். சாம்பல் நிற ஈரலுக்குள் மைத்துளி விழுந்தாற்போல் ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தது. “சரியான எடத்துல ஒட்டியிருக்குது” என்றார் டாக்டர். சந்தியா வாய்விட்டே, “அப்பாடி” என்றாள்.

திரும்பும் வழியில், கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மலைக்குச் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, பழனியம்மாள் மருமகளின் கையைப் பிடித்துத் தம் தலைமேல் வைத்துக்கொண்டார். “அந்த நோவு பேர ஊர்ல யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அய்யப்பன்கிட்டயும் சொல்லாத. எந்தலமேல சத்தியம் பண்ணு.” முன்பு ஊரில் ஒருவருக்கு அந்த நோய் வந்தபோது, அவர் குடித்த சொம்பில் எவரும் தண்ணீர் மொண்டு குடிக்கவில்லை. இறந்த பிறகு அவர் பாயை ஓடைக்கு அப்பால் கொண்டுபோய் எரித்தார்கள். ஒட்டுவாரொட்டி நோயென்றே நம்பினார்கள். பழனியம்மாளும் அப்போது ஒதுங்கி நின்றவர்களுள் ஒருவர்தாம்.

சந்தியா முகத்தைச் சுளித்தாள். “எதுக்கு அத்த சத்தியமெல்லாம்?” என்றாள். பிறகு, “சரி, சொல்லல” என்றாள்.

நோயின் பெயரைச் சொல்லக் கூசிய நாவுக்கு ரேஷன் கடை வாசலில் கைகொடுத்த சொல்தான் மருந்து. அது அரை உண்மை. அரை உண்மைக்குக் கால் முளைத்தால் முழுப் பொய்யைவிட வேகமாக ஓடும்.

மறுநாள் வீடு நிரம்பிவிட்டது. கணவர் மறைந்த காரியத்திற்குப் பிறகு அந்த வீட்டில் அவ்வளவு பேர் கூடியதில்லை. ஒருவர் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். இன்னொருவர் காலைப் பிடித்துவிட்டார். “எலும்பும் தோலுமா ஆக்கிட்டாங்களே, பாவிங்க!” என்று யாரோ அழுதார். பழனியம்மாள் நடுவில் சுவரோடு சாய்ந்து அமர்ந்திருந்தார். இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறை நினைத்தபோதும், சொன்ன மறுகணம் அந்தக் கை காலைவிட்டு நழுவிவிடும் என்று தோன்றியது. இன்னும் சற்று நேரம் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

அப்போதுதான் சின்னப்பொண்ணு, சொல்லக் கூடாததைச் சொல்பவர்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. ரெண்டு வருசமா நீ யாரு கையால சாப்டற?”

வீட்டில் இருப்பது இரண்டே பேர். எல்லாருடைய கண்களும் அடுக்களைப் பக்கம் திரும்பின. நிலைப்படியில் சந்தியா காபி டம்ளர்களைத் தட்டில் ஏந்தி நின்றுகொண்டிருந்தாள்.

எவரும் கை நீட்டவில்லை. ஒருவர் வயிறு சரியில்லை என்றார். ஒருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சந்தியா ஒவ்வொருவர் முன்னாலும் சற்று நின்று, கடைசியாக மாமியாரிடம் வந்தாள். பழனியம்மாள் ஒரு டம்ளரை எடுத்தார். ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடுவரை கொண்டுசென்றார். சின்னப்பொண்ணு அவருடைய முழங்கையை மெல்லத் தொட்டார். பழனியம்மாள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார்.

சந்தியா கோபப்படவில்லை, அழவுமில்லை. அத்தனை காபியையும் முற்றத்து வாழைக்கு ஊற்றினாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் விடிந்ததும் துணிப்பையுடன் கரியாலூரில் உள்ள தாய் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். போகும்போது, “உப்பு பானைக்குப் பின்னால இருக்குது அத்த, தேடாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

கூட்டமும் அதன்பின் நிலைக்கவில்லை. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது? கீரை கொண்டுவந்தவர் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சென்றார். பழனியம்மாள் ஒருவருக்கு மட்டும் உலை வைத்து, அதையும் உண்ண முடியாமல் நாய்க்கு வைத்தார். பகலில் மரவள்ளித் தோட்டத்துக்குச் சென்றால், எதிரே வருபவர்கள் இரக்கத்தோடு பார்த்துவிட்டுச் சற்று விலகி நடந்தார்கள். வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் வேண்டுமென்று வானொலியை வைத்துப் பார்த்தார். அது தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது, அணைத்துவிட்டார். சில சமயம் வயிற்றின் வலப்புறம் கை வைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்புப் பொடியிடம், “நீயாச்சும் இருக்கிறியா?” என்று கேட்பார். வெட்கமாக இருக்கும், கையை எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் அய்யப்பன் கைப்பேசியில் கூப்பிட்டான்.

“சின்னப்பொண்ணு அத்த எல்லாத்தையும் சொன்னாங்க. அவ அங்கயே இருக்கட்டும்மா. ஞாயித்துக்கெழம ஊர்க்கவுண்டர் முன்னால பேசி முடிச்சிக்கலாம். நான் வந்துடறேன்.”

“இன்னாடா முடிக்கப் போறீங்க?”

“பெத்தவளுக்கு மருந்து வச்சவளோட எப்பிடிம்மா வாழச் சொல்ற? அறுத்துக்க வேண்டியதுதான்.”

பழனியம்மாளுக்குத் தொண்டைக்குழிவரை வார்த்தை வந்தது. “அவ வைக்கலடா” என்றார். “நீ நல்லவம்மா, அப்பிடித்தான் சொல்லுவ” என்று அவன் வைத்துவிட்டான்.

சின்னப்பொண்ணு தம் பங்குக்கு, சேராப்பட்டுப் பக்கம் மருந்து எடுப்பதில் பெயர்பெற்ற சின்னராசுவிடம் சொல்லி வைத்திருந்தார். “பச்சிலச் சாறு குடுப்பாரு, ஒரே வாந்தி, எல்லாம் வெளிய வந்துடும் அண்ணி.” பழனியம்மாள் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் எழில்மதி பேசினார்: “வியாழக்கெழம மத்தியானம் சூடு வைக்கிறோம்மா. காலையில இருந்து எதுவும் சாப்டக் கூடாது, தண்ணிகூட வேணாம். மருமக வருவாங்க இல்ல?”

“வருவா” என்றார் பழனியம்மாள்.

வியாழன் அதிகாலைப் பேருந்தில் அவர் கரியாலூரில் இறங்கியது மருமகளை அழைத்துச் செல்வதற்காக அல்ல. மனத்தில் வேறொரு கணக்கு இருந்தது. அவள் கையால் நாலு பேர் பார்க்க வயிறாரச் சாப்பிட வேண்டும். செய்தி மலைமேல் தானாக ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் வாய் அடங்கிவிடும். சாப்பிட்டால் இன்றைய சிகிச்சை நடக்காது என்பது தெரிந்ததே. போனால் போகட்டும். வாய்விட்டு அந்தப் பேரைச் சொல்வதைவிட அது எளிது என்று நினைத்தார்.

சந்தியாவின் தாயார் மணிமொழி வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு அமர்ந்து புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தியைக் கண்டதும் எழுந்தார். வாங்க என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். சந்தியா உள்ளிருந்து வந்தாள்.

பழனியம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி, “சந்தியா, பசிக்குதும்மா. உங்கையால ஒரு வாய் சோறு போடு. சாப்ட்டுட்டுப் போறேன்” என்றார்.

சந்தியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “போட மாட்டேன்” என்றாள்.

புளி உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

“ஏண்டி, வாசல் தேடி வந்தவங்களப் பாத்து இன்னா பேச்சு இது!” என்று மணிமொழி பதறினார். “நான் போடறேன், நீங்க உள்ள வாங்க சம்பந்தி.”

“நீயும் போடாதம்மா” என்றாள் சந்தியா. மாமியாரின் கையைப் பிடித்து வீட்டின் பின்புறம், பலா மரத்தடிக்கு அழைத்துச் சென்றாள். அங்கே சென்ற பிறகுதான் அவள் குரல் உடைந்தது.

“இன்னிக்கி வியாழக்கெழம. டாக்டரம்மா எனக்கும் போன் பண்ணுச்சு. வெறும் வயித்தோட போவணும். மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

“பின்ன?”

“நாலு பேரு பாக்கட்டும்னு...”

“நாலு பேரா? அன்னிக்கி ஊரே பாத்துக்கினு இருந்துச்சு. டம்ளர எடுத்தீங்க, கீழ வச்சீங்க.” சந்தியா மூச்சை இழுத்துக்கொண்டாள். “இன்னிக்கி இங்க சோறு தின்னுட்டுப் போனீங்கன்னா அந்த மருந்து வீணாப் போவும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா, கடைசியா நான் போட்ட சோறுன்னுதான் பேசுவாங்க. என்னக் காப்பாத்தவா வந்தீங்க அத்த?”

பழனியம்மாள் அந்தப் பக்கம் யோசித்ததே இல்லை. “நீ சொல்லியிருக்கலாமே, இன்னா நோவுன்னு” என்றார்.

“தலமேல கை வச்சுச் சத்தியம் வாங்கினீங்களே! நான் பாட்டுக்கு அத மீறி, உங்களுக்கு எதுனா ஆயிட்டா?” அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “எனக்குச் சாப்ட்டுக் காட்ட வேணாம். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா?”

கீழே சாலையில், மலையிறங்கும் அடுத்த பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

“கூட வரியா?” என்று பழனியம்மாள் கேட்டார். தம் குரலே தமக்குச் சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது.

சந்தியா தலையைப் பக்கவாட்டில் அசைத்தாள். “வரல” என்றாள். “பஸ்ஸு வருது, போங்க. தண்ணியும் குடிக்காதீங்க.”

பேருந்தில் கூட்டம் நெரிந்தது. வெள்ளிமலையிலிருந்து வந்த பலாப்பழங்களும் புளி மூட்டைகளும் நடைவழியை அடைத்திருந்தன. “அண்ணி! இங்க வா, இங்க வா” என்று ஒரு குரல். சின்னப்பொண்ணுதான். கச்சிராயபாளையத்தில் புளி விற்கச் சென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சிறுமியை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். முன்னும் பின்னும் வாழைக்குழி முகங்கள்.

“மருமவ வூட்டுக்கா போன? சோறு போட்டாளா?”

“போடல.”

“பாத்தியா!” சின்னப்பொண்ணு பின்பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? வாசல்ல போய் நின்னவளுக்கு ஒரு வாய் சோறு போடலியாம். மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? கண்டுபுடிச்சுட்டாங்கன்னு இப்ப கையக் கட்டிக்கினா. நான் சொன்னப்ப யாரு நம்பினீங்க?”

“நான் அப்பவே நம்பினேன்” என்றார் ஒருவர். “மொளச்சு மூணு எல விடல, மாமியாருக்கு மருந்து வைக்கிறா” என்றார் இன்னொருவர்.

முன்புபோலவே இப்போதும் சும்மா இருந்துவிடலாம். பேச்சு தானாக ஓடும்; சின்னப்பொண்ணுவின் தோள் அவர் தோளோடு சாய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. பேருந்து ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

“எனக்கு கேன்சரு” என்றார் பழனியம்மாள்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சின்னப்பொண்ணு சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

“இன்னா அண்ணி?”

“ஈரல்ல கேன்சரு.” இம்முறை குரல் உயர்ந்தது, தம்முடைய குரல்தானா என்று அவருக்கே ஐயமாக இருந்தது. “மருந்து யாரும் வைக்கல. ஆஸ்பத்திரியில நானே கையெழுத்துப் போட்டு ஏத்திக்கினது. இரும்புப் பொடி. கட்டி எங்க இருக்குதுன்னு அது காட்டும், அப்புறம் சூடு வச்சு அதே கட்டியக் கருக்கும். இன்னிக்கிதான் சூடு வைக்கிறாங்க. வெறும் வயித்தோட போவணும். அது தெரிஞ்சதாலதான் அந்தப் பொண்ணு சோறு போடல. அவ கையால தின்னுதான் இத்தினி நாளு உசுரோட இருக்கறேன். நோவு பேரச் சொல்லாதன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினது நானு. வாயில்லாம ஒக்காந்துக்கினு இருந்ததும் நானு. ஞாயித்துக்கெழம கவுண்டரு முன்னாலயும் இதத்தான் சொல்லப் போறேன். இப்பவே போன் பண்ணி அய்யப்பன்கிட்டயும் சொல்லிடு சின்னப்பொண்ணு.”

பழைய பேருந்தின் கண்ணாடிகள் மட்டும் கடகடத்தன. நடத்துநர்கூடச் சில்லறையைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார்.

சின்னப்பொண்ணு தம் சேலைத் தலைப்பைப் பழனியம்மாளின் மடியோரத்திலிருந்து மெல்ல உருவி எடுத்துக்கொண்டார். முகத்தில் கோபமில்லை, பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் பழனியம்மாள் அறிவார். ஓடைக்கரையில் பாய் எரிந்தபோது தம் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

“மூட்ட சரியுது போல, பாத்துட்டு வந்துடறேன் அண்ணி” என்று எழுந்து சென்றார். மூட்டை சரியவில்லை. பின்பக்கம் சென்றவர் அங்கேயே கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். சற்று நேரத்தில் அவர் கைப்பேசியில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. “அய்யப்பா, நான்தான்... இல்லடா, மருந்தில்லையாம்... அவ இல்ல, அவ மேல தப்பில்லையாம்...” அதற்கு மேல் இரைச்சலில் கேட்கவில்லை. அவ்வளவு கேட்டதே போதுமாக இருந்தது.

கச்சிராயபாளையத்தில் சிலர் இறங்கினார்கள், பலர் ஏறினார்கள். சின்னப்பொண்ணு பின் வாசல் வழியாக இறங்கிக்கொண்டார். சமவெளியின் வெயில் உள்ளே அடித்தது, நாக்கு வறண்டது. ஏறியவர்களுள் காலியாயிருந்த இடத்தை நோக்கி வந்த ஓர் அம்மாளின் காதில், முன்னிருக்கைக்காரர் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

கள்ளக்குறிச்சிவரை நெரிசலுக்குக் குறைவில்லை. ஆனாலும் பழனியம்மாளின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. மருத்துவமனைக் காகிதங்களும் மாற்றுச் சேலையும் கொண்ட பை மடியில் கனத்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்தான். யாராவது வந்து உட்கார்ந்தாலும் உட்காருவார்கள் என்று, மடியிலேயே வைத்துக்கொண்டார்.